முன் பிரேக் பேடும் டிஸ்க்கும் வீட்லயே மாத்தலாம்னு இருக்கேன், எதெல்லாம் பாத்து பண்ணனும்?

ஓரமா_போ

எல்லாருக்கும் வணக்கம். என் கார்ல முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். கொஞ்ச நாளா வேகமா போயிட்டு பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் கையில நடுங்குது, பெடல்லயும் லேசா துடிக்குது, மெதுவா போறப்ப ஒண்ணுமே தெரியல. கூடவே இடது பக்கத்துல இருந்து பிரேக்க தொட்டாலே கீச்சுனு ஒரு சத்தம். சரின்னு வீல கழட்டி பாத்தா இடது பக்கம் உள்ள இருக்குற பேடு கிட்டத்தட்ட தீந்தே போச்சு, ஆனா அதே பக்கத்துல வெளிப்பேடு பாதிக்கு மேல இருக்கு. வலது பக்கம் ரெண்டும் ஓரளவு சமமாதான் தேஞ்சிருக்கு. டிஸ்க் ஓரத்துல நகத்த வெச்சு இழுத்தா தட்டுற அளவுக்கு ஒரு விளிம்பு எழும்பி நிக்குது.

ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி எல்லாம் நானே மாத்துறவன்தான், டூல்ஸும் ஓரளவு இருக்கு, பிரேக்ல மட்டும் இதுவரைக்கும் கை வெச்சதில்ல. பேடு மட்டும் போதுமா டிஸ்க்கும் சேத்து மாத்தணுமா, இல்ல இதே டிஸ்க்க லேத்துல குடுத்து தேச்சுக்கலாமா, இடது பக்கம் மட்டும் மாத்தினா போதுமா, பிரேக் ஆயில ப்ளீட் (லைன்ல இருக்குற காத்த வெளியேத்துறது) பண்ணித்தான் ஆகணுமா? வீடியோல எல்லாம் பத்து நிமிஷத்துல நாலு போல்ட கழட்டி மாட்டி முடிச்சுடுறாங்க, அதான் எதையோ சொல்லாம விடுறாங்களோன்னு சந்தேகமா இருக்கு.

மிதவேகம்

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, ஆயில் மாத்துறது வேற பிரேக் வேற. ஆயில் கொஞ்சம் ஒழுகினா வண்டி நிக்கும், பிரேக்ல கோளாறுன்னா வண்டி நிக்காது. மொத தடவைன்னா வேல தெரிஞ்ச ஆள் ஒருத்தர பக்கத்துல வெச்சுக்கிட்டு பண்ணுங்க, டூல் நீங்களே புடிங்க, அவர் பாத்தா போதும்.

கிரீஸ்கை

மேல சொன்னவர் சொன்னது சரிதான், பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லது. ஆனா பயப்படுற அளவுக்கு கஷ்டமான வேல இல்ல. கழட்டி மாட்டுறதுக்கு அரை மணி நேரம், சுத்தம் பண்றதுக்கு ரெண்டு மணி நேரம். வீடியோல விடுறது அந்த ரெண்டு மணி நேரத்ததான். நீங்க சொன்ன ரெண்டு பிரச்சனையுமே எனக்கு பாக்க துருவாலயும் காஞ்ச கிரீஸாலயும் வந்த மாதிரிதான் தெரியுது.

இடது உள்பேடு மட்டும் ஏன் தீந்துச்சுன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க, அது புரியாம புது பேடு போட்டா அதுவும் அதே மாதிரிதான் போகும். உங்க வண்டில இருக்குறது அநேகமா ஒரே பிஸ்டன் உள்ள கேலிப்பரா (பேட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) இருக்கும், பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பெடல மிதிச்சா பிஸ்டன் உள்பேட டிஸ்க் மேல தள்ளும், அது டிஸ்க்குல முட்டினதும் அந்த எதிர்விசைல கேலிப்பரோட முழு உடம்பும் ரெண்டு ஸ்லைடு பின் மேல உள்பக்கமா நகரும், அப்படி நகரும்போதுதான் வெளிப்பேட இழுத்து டிஸ்க்குல அழுத்தும். அந்த பின்னு துருப்பிடிச்சோ கிரீஸ் காஞ்சோ இறுகிப்போச்சுன்னா உடம்பு நகராது, உள்பேடே மொத்த வேலையும் பாக்கும், பெடல விட்டாலும் தளராம உரசிக்கிட்டே வரும். உங்களுக்கு அதான் நடந்திருக்குன்னு நெனைக்கிறேன். பிஸ்டனே இறுகியிருந்தாலும் உள்பேடு தேயும், அதையும் பாத்துடணும்.

கீச் சத்தம் பேடுல இருக்குற எச்சரிக்கை தகடு. பேடு 2, 3 மிமீக்கு கீழ வரும்போது அந்த சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்க தொட்டு கத்தும். வேணும்னே வெச்சதுதான், அத கேட்டும் ஓட்டிக்கிட்டே இருந்தா பேடோட பின் தகடே டிஸ்க்க அறுக்க ஆரம்பிச்சுரும்.

இடது பக்கம் மட்டும் மாத்துற பேச்சே வேணாம். பேடு, டிஸ்க் எதுவா இருந்தாலும் அந்த அச்சுல ரெண்டு பக்கமும் சேத்துதான். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் புடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். புது டிஸ்க் மேல பழைய பேடும் போடாதீங்க, பழைய பேடுல பழைய டிஸ்க்கோட வரி அப்படியே பதிஞ்சிருக்கும், புதுசுல முழுசா உக்காராது.

இனி வேலைக்கு வரேன். சமதரையா பாத்து நிறுத்துங்க, ஹேண்ட்பிரேக் போடுங்க, பின் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் முட்டுக்கட்டை வைங்க. வீல் நட்ட வண்டி தரையில நிக்கும்போதே கொஞ்சம் இளக்கிக்கோங்க. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்டு கண்டிப்பா வேணும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வெக்கிற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, அது உடையுறதுக்கு முன்னாடி எந்த அறிகுறியும் காட்டாது. கழட்டின வீலையும் வண்டிக்கு அடியில தள்ளி வெச்சுருங்க.

ஸ்டியரிங்க நீங்க வேல பாக்குற பக்கத்துக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சா கேலிப்பர் பின்பக்க போல்டு வெளிய தெரியும், கை நல்லா போகும். கீழ் போல்ட கழட்டி கேலிப்பர மேல தூக்கினாலே பேடு வந்துரும், ஆனா டிஸ்க்கும் மாத்துறதால கேலிப்பரயும் பேடையும் தாங்குற பிராக்கெட்டயும் கழட்டணும், அதனால ரெண்டு போல்டையும் எடுத்துருங்க. எடுத்த கேலிப்பர ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி வளைச்சு கொக்கி மாதிரி பண்ணி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குல மாட்டிருங்க, ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய பாக்க தெரியாது.

பிராக்கெட் போல்டு ரெண்டும் நல்லா இறுகியிருக்கும், நீளமான கைப்புடி வேணும், வண்டி ஸ்டாண்டுல நல்லா உக்காந்திருக்கான்னு ஒரு தடவ அசைச்சு பாத்துட்டு அப்புறம் பலம் குடுங்க. டிஸ்க்க ஹப்போட (டிஸ்க்கும் வீலும் மாட்டுற சுழலுற பாகம்) புடிச்சு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதுதான் இந்த வேலைலயே ரொம்ப எரிச்சல் குடுக்குற ஐட்டம். சாதாரண ஸ்குரூ டிரைவர வெச்சு திருகினா தலை வழுக்கிரும். சுத்தியால அடிச்சா திரும்புற இம்பாக்ட் டிரைவர் வாங்கி வெச்சுக்கோங்க, துரு இளக்குற ஸ்ப்ரேய முந்தின நாளே அடிச்சு விட்டுருங்க. ஸ்குரூ வந்தும் டிஸ்க் ஹப்புல ஒட்டிக்கிட்டு வரலன்னா, பல டிஸ்க்குல மரை வெட்டின ரெண்டு ஓட்டை இருக்கும், பெரும்பாலும் 8 மிமீ போல்டுக்கு, அதுல ரெண்டு போல்ட மாத்தி மாத்தி இறுக்கினா டிஸ்க் தானா வெளிய தள்ளிட்டு வரும். ஓட்டை இல்லாத டிஸ்க்னா ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டு சுத்தியால டிஸ்க்க சுத்தி சுத்தி தட்டுங்க, எப்படியும் தூக்கித்தானே போடப் போறோம்.

டிஸ்க் வந்ததும் ஹப் முகத்த பாருங்க. பொருக்கு பொருக்கா துரு இருக்கும். அங்கதான் பாதி பேர் கோட்ட விடுறாங்க. கம்பி பிரஷ், உப்புத்தாள் வெச்சு வீல் ஸ்டடு ஒவ்வொண்ணோட அடிவாரத்தையும் சுத்தி சுரண்டி, விரலால தடவினா வழவழன்னு இருக்கணும். அதுக்கு மேல டிஸ்க்க வெச்சு கையால தட்டி பாருங்க, எந்த பக்கமும் ஆடாம உக்காரணும். புது டிஸ்க் மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய் தடவி வரும், அத பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணியால துடைங்க, ரெண்டு பக்கமும். அதுக்கப்புறம் வெறும் கையால தேயுற எடத்த தொடாதீங்க. சில டிஸ்க் முழுசா சாம்பல் கலர்ல பூச்சு பூசி வரும், பெட்டில துடைக்க வேணாம்னு போட்டிருக்கும், அது பேடு தேச்சு தானா போயிரும்.

பேடு தேஞ்சு படிஞ்சிருக்குற கருப்பு பொடிய காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய பேடுகள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு, இப்ப பெரும்பாலும் இல்லன்னாலும் அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரம் பண்ணி துடைங்க, மாஸ்க் போட்டுக்கோங்க.

நூல்பிடி

கிரீஸ்கை அண்ணே சொன்னதுக்கு மேல டிஸ்க் பத்தி மட்டும் சொல்றேன்.

ஸ்டியரிங் நடுங்கினாலே எல்லாரும் "டிஸ்க் வளைஞ்சு போச்சு"ம்பாங்க. பெரும்பாலும் வளையுறது கிடையாது, டிஸ்க்கோட தடிமன் ஒரு சுத்துல எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்லாம போறதுதான். 0.02 மிமீ வித்தியாசமே கைல தெரியுற அளவுக்கு நடுக்கம் குடுக்கும். அது எப்படி வருதுன்னா, ஹப்புல ஒரு துரு பொருக்கு இருக்கு, அது மேல டிஸ்க்க மாட்டுறீங்க, டிஸ்க் ஒரு தலைமுடி அளவு சாஞ்சு உக்காருது. ஹப்ப விட டிஸ்க் விட்டம் ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கிட்டா ஹப் ஓரத்துல 0.05 மிமீ தூசி டிஸ்க் ஓரத்துல 0.1 மிமீ ஆட்டமா மாறும். மாட்டின அன்னிக்கு ஒண்ணுமே தெரியாது, சூப்பரா இருக்குன்னு சொல்லுவீங்க. ஆனா பிரேக் புடிக்காம சும்மா ஓட்டும்போதும் ஒவ்வொரு சுத்துலயும் டிஸ்க்கோட அதே எடம் பேட லேசா தொட்டுட்டு தொட்டுட்டு போகும், அந்த எடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மெலிசாகும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனப்புறம் நடுக்கம் வரும், அப்ப போய் "டிஸ்க் மட்டமான கம்பெனி"ம்போம்.

முடிஞ்சா டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்த முள்ளுல காட்டுற கருவி) ஒண்ணு கடன் வாங்குங்க. டிஸ்க்க வீல் நட்டு வெச்சே வாஷர் குடுத்து இறுக்கிட்டு, ஓரத்துல இருந்து ஒரு 10 மிமீ உள்ள தள்ளி முள்ள வெச்சு கையால ஒரு சுத்து சுத்தணும். எவ்ளோ ஆட்டம் வரலாம்னு மேனுவல்ல இருக்கும், நெறைய வண்டிக்கு 0.05ல இருந்து 0.1 மிமீக்குள்ளதான். அதிகமா காட்டுச்சுன்னா டிஸ்க்க கழட்டி ஒரு ஓட்டை தள்ளி திருப்பி மாட்டி மறுபடி பாருங்க, ஸ்குரூ ஓட்டை ஒண்ணே ஒண்ணு இருக்குற டிஸ்க்குல அப்படி தள்ள முடியாது, அதுல ஹப்ப இன்னொரு தடவ சுரண்டுறதுதான் வழி.

லேத் விஷயம். டிஸ்க்கோட நடு தொப்பிலயோ ஓரத்துலயோ குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு பொறிச்சிருக்கும். அதுக்கு கீழ போன டிஸ்க் குப்பைக்குத்தான். தேச்சப்புறமும் அந்த அளவுக்கு மேல இருக்கணும், தேச்சு முடிச்ச அன்னிக்கு மட்டும் இல்ல, அடுத்த பேடு தீர்ற வரைக்கும் மேல இருக்கணும், அப்பத்தான் தேச்சதுக்கு அர்த்தம். நீங்க சொல்ற விளிம்பு நகத்துல தட்டுதுன்னா ஒரு பக்கத்துக்கு நல்லாவே தேஞ்சிருக்கு, நான் புதுசுதான் போடுவேன். அளக்கும்போது சாதாரண வெர்னியர ஓரத்துல வெச்சு அளக்காதீங்க, ரெண்டு பக்க விளிம்பையும் சேத்து அளந்து டிஸ்க் இன்னும் தடியா இருக்குன்னு பொய் சொல்லும். மைக்ரோமீட்டர் இருந்தா தேயுற பாதைக்கு நடுவுல ஒரு ஏழெட்டு எடத்துல அளங்க. நான் மேல சொன்ன தடிமன் வித்தியாசம் அப்பவே மாட்டிக்கும்.

மிதவேகம்

சரி எல்லாம் ஓகே, புது பேடு தடியா இருக்கும், அதுக்கு எடம் விட பிஸ்டன உள்ள தள்ளுற விஷயத்துல ஒரு சந்தேகம். அப்படியே தள்ளினா கேலிப்பர்ல தேங்கியிருக்குற அழுக்கு ஆயில் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள போயிரும், அதனால ப்ளீட் நிப்பிள (கேலிப்பர்ல ஆயில வெளிய விடுற சின்ன திருகு) தொறந்துட்டு தள்ளணும்னு ஒருத்தர் சொல்லி கேட்டிருக்கேன். அது உண்மையா?

கிரீஸ்கை

ரெண்டு கட்சியும் உண்டு. நான் தொறக்குற கட்சி இல்ல. ஆயில ஒழுங்கா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துற வண்டின்னா உள்ள அழுக்கே இருக்காது, மெதுவா தள்ளினா ஒண்ணும் ஆகாது. நிப்பிள தொறந்தா காத்து உள்ள போற வாய்ப்பு, பழைய நிப்பிள் முறியுற வாய்ப்பு ரெண்டையும் புதுசா கூட்டிக்கிறோம். மொத தடவ பண்றவங்களுக்கு தேவையில்லாத தலைவலி. பிரேக் லைன எங்கயும் தொறக்கலன்னா ப்ளீடிங்கும் தேவையில்ல, அவர் கேட்ட கேள்விக்கு அதான் பதில்.

நூல்பிடி

நான் தொறக்குற கட்சி 😄 நிப்பிள்ல ஹோஸ் மாட்டி மறுமுனைய ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கி, நிப்பிள கால் திருப்பு இளக்கி, பிஸ்டன் உள்ள போற வரைக்கும் மெதுவா தள்ளி, தள்ளிக்கிட்டு இருக்கும்போதே மூடிட்டா காத்து எப்படி போகும்? வெளிய வர்ற ஆயில் காப்பித்தண்ணி கலர்ல இருந்தா அத திரும்ப மேல அனுப்ப எனக்கு மனசு வராது. ஆனா ஓரமா_போ மொத தடவ பண்றாரு, அதனால அண்ணன் சொல்றபடியே பண்ணட்டும், பின்னாடி தனியா ஒரு நாள் ஆயில மொத்தமா மாத்திக்கலாம். அது எப்படியும் பண்ண வேண்டியதுதான், பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். டாட் 4க்கு புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், தண்ணி சேந்தப்புறம் கணக்கு 155தான். மலை இறக்கத்துல பிரேக் சூடேறி ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் அப்படியே உள்ள போயிரும்.

எதுவா இருந்தாலும் தள்ளுறதுக்கு முன்னாடி பானட்ட தொறந்து ஆயில் டப்பாவ பாருங்க. பேடு தேயத் தேய லெவல் கீழ போகும், யாராவது நடுவுல மேல ஊத்தி நிரப்பியிருந்தா இப்ப பிஸ்டன தள்ளும்போது வழியும். பெயிண்ட்ல பட்டா உரிச்சுரும், பட்டுச்சுன்னா உடனே நெறைய தண்ணி ஊத்தி கழுவுங்க. லெவல் அதிகமா இருந்தா சிரிஞ்சுல கொஞ்சம் உறிஞ்சி எடுத்துருங்க.

இன்னொண்ணு, ரெண்டு பக்க கேலிப்பரையும் ஒரே நேரத்துல கழட்டி வெச்சுக்கிட்டு ஒண்ண தள்ளாதீங்க, இது உள்ள போகும்போது அது வெளிய வரும்.

ஓரமா_போ

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. இடது பக்கம் ஆரம்பிச்சுட்டேன். கிரீஸ்கை அண்ணே சொன்னது அப்படியே சரி, மேல் பின் நல்லா போயிட்டு வருது, கீழ் பின் அசையவே மாட்டேங்குது. ரப்பர் பூட் கிழிஞ்சு உள்ள தண்ணி போயிருக்கு. பிளையர் வெச்சு புடிச்சு திருகி ஒரு வழியா வெளிய எடுத்தேன், பின் பாதி நீளத்துக்கு செங்காவி கலர்ல துரு, குழி குழியா இருக்கு. உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப போட்டா போதுமா? பிராக்கெட்ல பேடு உக்கார்ற எடத்துல இருக்குற ஸ்டீல் கிளிப்பும் ஒண்ணு துருவால தூக்கிட்டு நிக்குது. எந்த கிரீஸ் போடணும்? வீல் பேரிங் கிரீஸ் ஒரு டப்பா கைல இருக்கு.

கிரீஸ்கை

பேரிங் கிரீஸ் வேண்டாம்!! பெட்ரோலியத்துல பண்ண கிரீஸ் பட்டா பிரேக் ரப்பர் ஊதிப்போயிரும், ஊதின ரப்பர் பின்ன புடிச்சு திரும்ப இதே கதைதான். பிரேக்குக்குன்னே சிலிக்கான் இல்ல சிந்தெடிக் கிரீஸ் தனியா வரும், அத மட்டும் போடுங்க.

குழி விழுந்த பின்ன தேச்சு போடாதீங்க, தேச்சா அளவு குறைஞ்சு உள்ள கடகடன்னு ஆடும், குழில திரும்ப துரு உக்காரும். பின், பூட் சேத்து ரிப்பேர் கிட்டா கெடைக்கும், ரெண்டு பக்கத்துக்கும் பூட் புதுசா போட்டுருங்க. எடுக்கும்போது எது மேல எது கீழன்னு குறிச்சு வைங்க, சில வண்டில ஒரு பின்னு நுனில மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், மாத்தி போட்டா இறுகும். பின் போற துளைக்குள்ளயும் துரு இருக்கும், சின்ன வட்ட பிரஷ்ஷ விட்டு சுத்தி, கிளீனர் அடிச்சு, துணில துடைச்சுட்டு கிரீஸ் மெலிசா பூசுங்க. துளைய நெறைய கிரீஸ் போட்டு அடைச்சா பின்ன உள்ள தள்ளும்போது காத்து வெளிய போக வழி இல்லாம பின்ன திருப்பி வெளிய தள்ளும். மாட்டினப்புறம் விரலால தள்ளினா வழுக்கிட்டு போகணும், அதான் அளவு.

கிளிப் தூக்கிட்டு நிக்கிறதுக்கு காரணம் அதுக்கு அடியில பிராக்கெட்ல வளர்ந்திருக்குற துரு. கிளிப்ப எடுத்துட்டு அடில இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் ஃபைல் போடாம கம்பி பிரஷ்ஷால சுரண்டுங்க, ஃபைல் போட்டா இரும்பும் சேந்து போயிரும். புது கிளிப் பேடோடயே பெட்டில வருதான்னு பாருங்க. பேட அதுல வெச்சா கை விரல் பலத்துல நகரணும், சுத்தியால தட்டித்தான் உள்ள போகுதுன்னா இன்னும் துரு பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

பிஸ்டன தள்ளுறதுக்கு முன்னாடி அதோட தூசி பூட்ட பாத்துட்டு சுத்தம் பண்ணுங்க, வெளிய நீட்டியிருக்குற பிஸ்டன் சுவருல அழுக்கோட உள்ள தள்ளினா சீல் போயிரும். பழைய பேட பிஸ்டன் மேல குறுக்க வெச்சு சி கிளாம்ப்ல நிதானமா இறுக்குங்க, நேரா போகணும். உள்ள ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் இருக்கு, பெடல மிதிக்கும்போது பிஸ்டனோட சேந்து அது லேசா முறுக்கும், விடும்போது நிமிர்ந்து பிஸ்டன இத்துனூண்டு பின்னாடி இழுக்கும், பேடு டிஸ்க்க விட்டு விலகுறது அந்த ரப்பராலதான், தனியா ஸ்பிரிங் எல்லாம் இல்ல. அதனால பிஸ்டன் தள்ளும்போது கிளாம்ப்ல ரொம்ப பலம் கேட்டுச்சுன்னா, விட்டு விட்டு போச்சுன்னா, புது பேட மாட்டாதீங்க, கேலிப்பரையே சர்வீஸ் பண்ணனும்.

சந்துமுனை

நடுவுல வரேன், பின்னாடியும் டிஸ்க் இருக்குற வண்டி வெச்சிருக்கவங்க இத படிச்சுட்டு அதே மாதிரி பின் பிஸ்டன கிளாம்ப் போட்டு தள்ளிராதீங்க. ஹேண்ட்பிரேக் கேலிப்பருக்குள்ளயே இருந்தா பிஸ்டன திருகிக்கிட்டே தள்ளணும், அதுக்கு தனி டூல் இருக்கு, நேரா தள்ளினா உள்ள இருக்குற மரை போயிரும். பட்டன் ஹேண்ட்பிரேக்னா ஸ்கேனர் மாட்டியோ மேனுவல்ல சொன்ன முறைலயோ சர்வீஸ் மோடுக்கு கொண்டு போகணும், மோட்டார் தானா இறுக்கிச்சுன்னா விரல் போயிரும்.

அப்புறம் பேடு வாங்கும்போது ஓரத்துல இருக்குற எழுத்த பாருங்க, பல பேடுல கடைசில எஃப்எஃப், ஜிஎஃப் மாதிரி ரெண்டு எழுத்து இருக்கும். மொத எழுத்து சாதாரண சூட்டுல புடிப்பு, ரெண்டாவது நல்லா சூடானப்புறம் புடிப்பு. ஈன்னா உராய்வு 0.25ல இருந்து 0.35, எஃப்னா 0.35ல இருந்து 0.45, ஜின்னா 0.45ல இருந்து 0.55. ரெண்டாவது எழுத்து மொதல விட கீழ இருக்குற பேடு சூடேறினா புடிப்பு குறையும். பழைய பேடுல என்ன இருந்துச்சோ அதுக்கு கிட்ட வாங்குறது நல்லது.

நூல்பிடி

பேடு முதுகுல கிரீஸ் பத்தி யாரும் சொல்லல. பிஸ்டன் தொடுற எடம், கேலிப்பர் விரல் தொடுற எடம், பேடோட ரெண்டு காது, இங்க மட்டும் பிரேக்குக்கான செராமிக் கிரீஸ் ஒரு மெலிசான படலம். முதுகுல ரப்பர் பூசின ஷிம் (சத்தத்த தடுக்குற மெல்லிய தகடு) ஒட்டியே வந்திருந்தா முதுகுல எதுவும் வேணாம். பேடு முகத்துலயோ டிஸ்க்குலயோ ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. எச்சரிக்கை தகடு உள்ள பேடு உள்பக்கம் போகுமா வெளிய போகுமான்னு பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே போடுங்க, நெறைய வண்டில உள்பக்கம்தான்.

டார்க் ரெஞ்ச் (எவ்ளோ பலத்துல இறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) இல்லாம இத முடிக்காதீங்க. உங்க மாடலுக்கு மேனுவல்ல என்ன இருக்கோ அதான் கணக்கு. ஒரு அந்தாசுக்கு சொல்றேன், ஸ்லைடு பின் போல்டு பல சின்ன கார்ல 25ல இருந்து 35 நியூட்டன் மீட்டர்தான், பிராக்கெட் போல்டு 80ல இருந்து 120 வரைக்கும் போகும். ரெண்டும் பாக்க ஒரே சைஸு மாதிரி தெரியும், பிராக்கெட் போல்டு பலத்துல ஸ்லைடு போல்ட இறுக்கினா மரை கையோட வந்துரும்.

கிரீஸ்கை

வண்டிய எறக்கினதும் ஒரு விஷயம், பெரிய எழுத்துல போட முடிஞ்சா போடுவேன். இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர் போடுறதுக்கு முன்னாடி பிரேக் பெடல பம்ப் பண்ணுங்க. பிஸ்டன உள்ள தள்ளி வெச்சிருக்கோம், மொத மிதி முழுசா தரைக்கு போகும், பிரேக்கே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா, பாதி அளவுக்கு மட்டும் மிதிச்சு மிதிச்சு விடுங்க, கல்லு மாதிரி இறுகுற வரைக்கும். தரை வரைக்கும் ஓங்கி மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் சீல் இதுவரைக்கும் போகாத துரு ஏறின எடத்துக்கு போய் கிழியும், பழைய வண்டில அப்படி நடக்கும். பெடல் இறுகினதும் ஆயில் லெவல் பாத்துட்டு, கேட்டுக்குள்ளயே ஊர்ந்து போய் நிறுத்தி பாத்துட்டு அப்புறம் ரோட்டுக்கு போங்க.

பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போக கொஞ்சம் ஓட்டணும். பின்னாடி வண்டி வராத ரோடா பாத்து 60ல இருந்து 15 வரைக்கும் மிதமா பிரேக் புடிச்சு எறக்கி, நிக்காம திரும்ப ஏத்தி, நடுவுல ஆற விட்டு, ஒரு எட்டு பத்து தடவ. சூடா இருக்கும்போது பெடல மிதிச்சுக்கிட்டே ஒரே எடத்துல நிக்காதீங்க, பேடோட அச்சு டிஸ்க்குல பதிஞ்சுரும், நடுக்கத்த நீங்களே உண்டாக்கின மாதிரி ஆயிரும். பேடு பெட்டில வேற முறை போட்டிருந்தா அதான் கணக்கு. அதுக்கப்புறமும் ஒரு எரநூறு முன்னூறு கிலோமீட்டருக்கு ஓங்கி பிரேக் புடிக்கிற மாதிரி வெச்சுக்காம இடைவெளி விட்டே ஓட்டுங்க.

ஓரமா_போ

முடிஞ்சுது! ரெண்டு பக்கமும் டிஸ்க், பேடு, பின் கிட்டு எல்லாம் புதுசு. வலது பக்கம் டிஸ்க் ஸ்குரூ இம்பாக்ட் டிரைவருக்கும் அசையல, தலைய டிரில் போட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. டயல் கேஜ் கெடைச்சுது, இடது 0.03, வலது மொதல்ல 0.11 காட்டுச்சு, கழட்டி பாத்தா ஒரு ஸ்டடுக்கு அடியில துணிக்குள்ள சிக்காத ஒரு துரு பொருக்கு, சுரண்டி மாட்டினப்புறம் 0.04. மொத மிதில பெடல் நெஜமாவே தரைக்கு போச்சு, சொல்லலன்னா வேர்த்திருக்கும். நடுக்கம் சுத்தமா இல்ல, நேரா நிக்குது, கீச்சும் போச்சு.

ஒண்ணே ஒண்ணு, வலது பக்கத்துல இருந்து மெதுவா உருளும்போது சர் சர்னு ஒரு தகர சத்தம், பிரேக் புடிச்சாலும் புடிக்கலன்னாலும் வருது, இடது பக்கமா வளைக்கும்போது கொஞ்சம் அதிகமா கேக்குது. பேடு உக்காரலயா?

கிரீஸ்கை

பேடா இருந்தா பிரேக் புடிக்கும்போது சத்தம் மாறும். டிஸ்க்குக்கு பின்னாடி ஒரு மெல்லிசான தூசி தகடு இருக்கும்ல, டிரில் போடும்போதோ டிஸ்க்க தட்டும்போதோ வளைஞ்சு டிஸ்க்க தொடுது. வீல கூட கழட்ட வேணாம், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வெச்சுட்டு வண்டி ஆறினப்புறம் பின்னாடி கைய விட்டு, பளபளன்னு கோடு விழுந்திருக்குற எடத்த விரலால டிஸ்க்க விட்டு வெளிய வளைச்சு விடுங்க. அப்படியே ஒரு நூறு கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்ட எல்லாம் திரும்ப டார்க் பாத்துருங்க.

ஓரமா_போ

தகடுதான் அண்ணே. சத்தம் போச்சு.